மந்தக் காலத்தில் பட்டறையும் தறியும்: சிறு தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் உள்ள சிறு பனியன் கம்பெனிகள், தறிக் குடோன்கள், லேத் பட்டறைகள் ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஆர்டர் நிறைய இருக்கும் மாதங்களில் பில் கட்டை மேசையில் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள், வேலை குறைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கையில் ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேராக வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஊரெல்லாம் மந்தம் என்கிறார்கள். எனக்கு வேலை இல்லாததற்கும் அதுதான் காரணமா?

உங்களுக்கு முன்னும் பின்னும் வேலை செய்யும் நான்கு பேரைக் கேளுங்கள்: நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், காம்பாக்டிங் போடுபவர், காஜா பட்டன் அடிப்பவர். எல்லோரும் இரவு ஷிப்டை நிறுத்தியிருந்தால் மந்தம் உண்மை. எதிர் வீதியில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடி, உங்கள் இடத்தில் மட்டும் சத்தம் இல்லையென்றால் உலகப் பொருளாதாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். தரத்திலோ, சரக்கு கொடுத்த தேதியிலோ, யாரிடமோ பேசிய பேச்சிலோ ஏதோ தவறியிருக்கிறது.

மந்தமே என்றாலும் எந்த வகை என்று பார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஆர்டர் இருந்தது, சாயம் போட இடமில்லை. 2016 நவம்பரில் சரக்கு இருந்தது, வாரச் சம்பளம் கொடுக்க நோட்டு இல்லை. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது வேலையும் இருந்தது, நூல் விலைதான் லாபத்தைத் தின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது வாங்குபவரே கையைக் கட்டிக்கொண்டார்.

நூல் விலை ஏறும் காலத்தில், சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கொட்டேஷனிலேயே எழுதினால் பாதித் தொல்லை தீரும். வாங்குபவர் பின்வாங்கும் காலத்தில் அது உதவாது. அப்போது கையிலுள்ள பணத்தைக் காப்பதுதான் வேலை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

கணக்கில் லாபம்தான் காட்டுகிறது. ஆனால் சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசு இல்லை. பணம் எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை, வாங்குபவரிடம் இருக்கிறது. ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சத்துக்குப் பில், 2 லட்சத்து 60 ஆயிரம் செலவு, 40 ஆயிரம் லாபம். முன்பு 30 நாளில் வந்த பணம் இப்போது 90 நாளில் வருகிறது. கூடுதலாக இரண்டு மாதப் பில், அதாவது 6 லட்சம், வெளியே நிற்கிறது. அதில் உங்கள் கைக்காசு மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரம். அந்தப் பள்ளத்தை லாபத்தை வைத்தே நிரப்ப வேண்டுமானால் 13 மாத லாபம் வேண்டும். விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே இது நடக்கும். நான் பார்த்தவரையில் சிறு கம்பெனிகள் நஷ்டத்தால் மூடுவதைவிட இப்படிக் காசு வெளியே நின்று மூடுவதுதான் அதிகம்.

ஒரு முழுத்தாளில் வரப்போகும் எட்டுச் சனிக்கிழமைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வாரம் உறுதியாக வரும் பணம், கட்டாயம் போகும் பணம். சம்பளம், வாடகை, வங்கித் தவணை, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி, மின் கட்டணம் எல்லாம் அதில் வர வேண்டும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னதை வரவாக எழுதக் கூடாது. எந்தச் சனிக்கிழமையில் மீதி கழித்தலுக்குப் போகிறதோ அதுதான் உங்கள் கெடு. ஆறு வாரம் முன்பே தெரிந்தால் பேச இடம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை தெரிந்தால் வட்டிக்காரர் வீடு மட்டும்தான் திறந்திருக்கும்.

பீஸுக்கு 22 ரூபாய் கொடுத்தவர் இப்போது 19 என்கிறார். வேலை எடுக்கலாமா, கம்பெனியைச் சும்மா போடலாமா?

இதற்குப் பதில் சொல்லும் முன் செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பீஸ் ஓடினால் மட்டும் ஆகும் செலவு ஒன்று: டெய்லர் கூலி, செக்கிங், அயர்ன், தையல் நூல், ஓடும் மின்சாரம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு மற்றொன்று: வாடகை, தவணை, மின் இணைப்பின் நிலைக் கட்டணம், சூப்பர்வைசர் சம்பளம். எடுத்துக்காட்டாக முதல் வகை பீஸுக்கு 17 ரூபாய் 50 காசு, இரண்டாம் வகை மாதம் 1 லட்சத்து 80 ஆயிரம் என்று வைப்போம். 22 ரூபாய்க் கூலியில் மாதம் 40 ஆயிரம் பீஸ் ஓடினால் வரவும் செலவும் சரியாகும்.

இப்போது 20 ஆயிரம் பீஸ்தான் இருக்கிறது, அதுவும் 19 ரூபாய்க்கு. பீஸுக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சும்; மாதம் 30 ஆயிரம். சும்மா போட்டால் 1 லட்சத்து 80 ஆயிரம் நஷ்டம், ஓட்டினால் ஒன்றரை லட்சம். ஆகவே எடுக்கலாம், ஆட்களும் கலையாமல் இருப்பார்கள். அதே ஆள் 17 ரூபாய் என்றால் ஒவ்வொரு பீஸுக்கும் 50 காசைக் கையிலிருந்து போடுகிறீர்கள், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. 19 ரூபாய்க்கு எடுத்த பணம் 90 நாள் கழித்து வருமானால் முந்தைய பதிலில் உள்ள பள்ளம் இன்னும் ஆழமாகும். விலையைக் குறைத்தால் பணம் தரும் நாளையும் குறைக்கச் சொல்லுங்கள்; வாரப் பணம் என்றால் 19, மூன்று மாதம் என்றால் 22. பிறகு, இந்த விலை இந்த ஆர்டருக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். இறங்கிய கூலி தானாக ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள். விலை வைப்பதே ஜவுளி உற்பத்தியாளர்தான். எங்களுக்கு இந்தக் கணக்கால் என்ன பயன்?

கூலி உங்கள் கையில் இல்லை என்பது உண்மை. அதனால்தான் சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் 2022இலும் 2025இலும் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. அதைத் தனி ஆளாக யாரும் பேசி வாங்க முடியாது, சங்கம்தான் பேச வேண்டும். ஆனால் எத்தனை தறி ஓட்டுவது, எந்த ரகம் நெய்வது, எந்தத் தறியை நிறுத்தி வைப்பது என்பவை உங்கள் கையில்தான் இருக்கின்றன.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறது (2023 வரை 750 ஆக இருந்தது). வேலை பாதியாகும்போது அந்த 1,000 யூனிட்டுக்குள் எத்தனை தறி ஓடும் என்று பாருங்கள். அதற்கு மேல் ஓடும் தறியின் மீட்டர்க் கணக்கே வேறு.

45 நாளில் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. 'எங்கள் கம்பெனியில் 120 நாள்தான் வழக்கம்' என்று ஆர்டர் தாளில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் கணக்கிட்டு. வங்கி விகிதம் 6 என்று வைத்தால் 18 சதவீதம்.

சரக்கு செய்பவருக்கும், ஜாப் ஒர்க் போல வேலை செய்து கொடுப்பவருக்கும் இது பொருந்தும், குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் என்ற அரசுப் பதிவு இருந்தால். வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யம் பதியலாம், ஆனால் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. பதிவு இலவசம், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர் தனக்காகக் கேட்கிறார். சரக்கு அனுப்பிய பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குச் செல்லுமா என்று நீதிமன்றங்களில் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. இன்றே பதிந்துவிட்டால் அந்த வாதத்தில் நீங்கள் சிக்க வேண்டியதில்லை.

புகாரை இதற்கென அரசு நடத்தும் இணையதளத்தில் பதியலாம் (2017இல் சமாதான் என்ற பெயரில் தொடங்கினார்கள்). அது இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும், கோவையில் ஒன்று இருக்கிறது. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இந்த ஒரு விதிக்காகவே இந்தச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எல்லாம் சரி. சட்டத்தைக் காட்டினால் அவர் அடுத்த ஆர்டர் கொடுப்பாரா?

கொடுக்க மாட்டார், பெரும்பாலும். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நம் ஊரில் வாங்குபவர் பாதி நேரம் உறவுக்காரர், மீதி நேரம் உறவுக்காரரின் சம்பந்தி. அதனால் மன்றத்துக்குப் போவதைக் கடைசியாக வையுங்கள்: அந்த ஆளோடு இனி வேலை இல்லை என்று நீங்களே முடிவு செய்த பிறகு.

அதற்கு முன் சண்டையில்லாத ஒரு வழி இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை மேலே சொன்ன கெடுவுக்குள் கொடுக்காமல் மார்ச் 31 அன்று பாக்கி வைத்திருந்தால், வாங்கியவர் அதை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். கணக்காளர்கள் 43பி எச் என்று சொல்லும் இந்த வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 10 லட்சம் பாக்கி நின்றால் அந்த 10 லட்சம் லாபமாகக் கருதப்பட்டு வரி விழும். எனவே பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடியுங்கள். பிப்ரவரியில் பாக்கிப் பட்டியல் ஒன்றை வாங்குபவருக்கு அனுப்பும்போது நகல் அவருடைய கணக்குப் பிரிவுக்கும் போகட்டும். நீங்கள் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மீதியை அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர் உங்களுக்கு எப்போது பணம் தரப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் பில்லே கிடையாது. துண்டுச் சீட்டில்தான் சரக்கு போகிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

சீட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் மேசைக்கு வரும் சீட்டுகள் பலவற்றில் 'ரவுண்ட் நெக் 840' என்று பென்சிலில் இருக்கும், கீழே யாரோ ஒரு செக்கிங் மாஸ்டரின் கிறுக்கல். தேதி இல்லை, யாருடைய சரக்கு என்று இல்லை, விலை இல்லை. நண்பர்களாக இருக்கும்வரை அது போதும், மனக்கசப்பு வந்தபின் அது வெறும் தாள். எண்ணிட்ட டெலிவரி சலான் புத்தகம் ஒன்றை வாங்கி, தேதி, எண்ணிக்கை, கூலி, பெற்றுக்கொண்டவரின் பெயரும் கையெழுத்தும் சேர்த்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாக்கிக்கு, 'இன்ன தேதி வரை இவ்வளவு நிற்கிறது, சரிதானே அண்ணா?' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். 'சரி, மாதக் கடைசியில் தருகிறேன்' என்று அவர் பதில் எழுதினால் அது ஒரு சாட்சி. பொதுவாகக் கடனை வசூலிக்க வழக்குத் தொடர மூன்று ஆண்டு கெடு. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு. தீபாவளிக்கு ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை இப்படிப் பாக்கி ஒப்புதல் வாங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செக் கொடுத்தார். பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. 'மறுபடி போடு' என்கிறார். போடலாமா?

செக் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை மறுபடியும் போடலாம். ஆனால் நாளை எண்ணிக்கொண்டே போடுங்கள். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் கொடுக்காவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். 'இந்த வாரம், அடுத்த வாரம்' என்று இழுப்பவர்களில் சிலருக்கு இந்தக் கெடு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பணமே வரவில்லை. பில் போட்டதற்காக ஜிஎஸ்டி மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

நியாயமான கோபம், ஆனால் விதி அப்படித்தான். பில் போட்ட மாதத்தில் வரி சேர்ந்துவிடுகிறது. பணம் வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. வராமலே போன கடனுக்கும் கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது. உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு: 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு வாங்குபவர் எடுத்த வரி வரவை (பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) அவர் திருப்பிக் கட்ட வேண்டும். பாக்கிப் பட்டியலில் 150 நாள் தாண்டிய பில்களுக்கு எதிரே இதை ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

வேலையே இல்லாத மாதத்திலும் பூஜ்யக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். விட்டால் தாமதக் கட்டணம் ஏறும், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் எடுக்க முடியாமல் போகும், ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவே ரத்தாகலாம். ஆர்டர் திரும்பி வரும் நாளில் பதிவு இல்லாமல் நிற்பது போன்ற அபத்தம் வேறில்லை.

வங்கிக்குப் போய்க் கஷ்டத்தைச் சொன்னால் கடனைத் திருப்பிக் கட்டு என்று சொல்லிவிடமாட்டார்களா?

இந்தப் பயம்தான் பலரைக் கெடுக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் வங்கியின் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். தவணை ஒரு நாள் தவறினாலே கணக்கு எச்சரிக்கைப் பட்டியலின் முதல் படியில். 31ஆம் நாள் இரண்டாம் படி. 61ஆம் நாள் மூன்றாம் படி. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். மேலாளர் உங்களுக்கு உதவ நினைத்தாலும் அவருக்கு வழி இருப்பது அந்த 90 நாளுக்குள்தான்.

2015இல் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 25 கோடி வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கணக்கு வாராக்கடன் ஆகும் முன், நெருக்கடி தெரிகிறது என்று உரிமையாளரே விண்ணப்பம் கொடுக்கலாம். வங்கியின் குழு அதைப் பரிசீலித்து வழி சொல்ல வேண்டும். இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தாங்கள் சிறு நிறுவனம் என்பதை நேரத்தில் சொல்லிக் கேட்க வேண்டியது கடன் வாங்கியவரின் பொறுப்பு, ஜப்தி வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கேட்க முடியாது என்றும் சொன்னது. ஆகவே போங்கள், கடிதமாகக் கொடுங்கள், நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். எட்டுச் சனிக்கிழமைத் தாளையும் பாக்கிப் பட்டியலையும் இணையுங்கள்.

மறுசீரமைப்பு என்ற சொல்லை மட்டும் அவசரப்பட்டு நீங்களே சொல்ல வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டி எழுதும்போது, சிறப்புச் சலுகை அறிவிக்கப்படாத காலங்களில், கணக்கைத் தரம் இறக்க வேண்டிய விதி இருக்கிறது. எது தரத்தைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிசி லிமிட் 20 லட்சம் இருக்கிறது. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் எடுக்க விடவில்லை. ஏன்?

சிசி என்பது தேவைக்கு எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்; அதன் லிமிட் உச்சவரம்புதான். நடப்பில் எடுக்கக்கூடிய தொகை, நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் பட்டியலையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. பொதுவாக 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கில் சேர்ப்பதில்லை. பணம் தாமதமாக வரும் காலத்தில்தான் உங்களுக்குப் பணம் அதிகம் தேவை. அதே காலத்தில்தான் இந்தக் கணக்கும் சுருங்கும். இதைச் சமாளிக்க இல்லாத ஸ்டாக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லி யோசனை சொல்பவர்கள் உண்டு. அது மோசடி வழக்காகும், செய்யாதீர்கள். பழைய பில்லில் பாதியாவது வசூலித்து அதே கணக்கில் போட்டால் வரம்பு தானே ஏறும்.

தவணை கட்ட ஒரு மாதத்துக்கு மட்டும் வெளியே வட்டிக்கு வாங்கினால் என்ன?

நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலித்தால், ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். வங்கிக் கடன் 11, 12 சதவீதத்தில் இருக்கும். அதைக் காப்பாற்ற இதை வாங்குவது கணக்குக்கே ஒத்து வராது. ஆனாலும் வாங்குகிறார்கள். வங்கிக்காரர் கம்பெனி வாசலில் வந்து நிற்பது நாலு பேருக்குத் தெரியும், வட்டிக்கு வாங்கியது தெரியாது. மானத்துக்காகக் கொடுக்கும் விலை அது.

நகைக் கடன் இதைவிட எவ்வளவோ மேல், ஒரு நிபந்தனையோடு: எந்தப் பணம் வந்து நகையை மீட்கப்போகிறது என்று அந்தச் சனிக்கிழமைத் தாளில் பெயரோடு எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் வீட்டுக்காரம்மாவிடம் நகையைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே மீட்டர் வட்டியில் சிக்கியவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தில் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா?

பதிவு செய்த சீட்டாக இருந்து, தள்ளும் தொகையை (முன்கூட்டியே எடுக்க விட்டுக்கொடுப்பதை) வட்டியாக மாற்றிப் பார்த்தும் வங்கியை ஒட்டி இருந்தால் எடுக்கலாம். மந்தக் காலத்தில் எல்லோருக்கும் பணம் வேண்டும் என்பதால் ஏலம் அதிகம் தள்ளிப் போகும். பதிவில்லாத சீட்டு என்றால், எடுக்காதவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

அரசு உத்தரவாதம் உள்ள கடன் வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று மச்சான் சொல்கிறாரே?

மச்சான் பாதிதான் கேட்டிருக்கிறார். அந்த உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு இல்லை. சொத்து அடமானம் கேட்காமல் வங்கி கடன் கொடுப்பதற்காக 2000ஆம் ஆண்டு ஏற்படுத்திய நிதி அது; 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரையிலான கடனுக்கு நீட்டித்திருக்கிறார்கள். நீங்கள் கட்டாவிட்டால் நிதியம் வங்கிக்கு ஒரு பகுதியை ஈடு செய்யும். உங்கள் கடன் அப்படியே இருக்கும், வங்கி தொடர்ந்து வசூலிக்கும், சிபில் என்னும் கடன் வரலாற்றுப் பதிவு கெடும். அடமானம் இல்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிப் பழைய பாக்கியை அடைப்பவர்களைப் பார்க்கிறேன். வேலை வரும் என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆட்களைக் குறைக்கலாமா, ஷிப்டைக் குறைக்கலாமா?

முடிந்தவரை ஷிப்டை. வாரம் நான்கு நாள் எல்லோருக்கும் வேலை என்றால் நல்ல டெய்லர் பொறுத்துக்கொள்வார். ஊருக்குப் போன ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் திரும்ப வருவார்களா என்பது ரயில் டிக்கெட்டைவிட, போகும்போது நீங்கள் கணக்கு முடித்த விதத்தைப் பொறுத்தது. பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த சீசனில் ஆள் கிடைப்பதில்லை.

முன்பணம் வாங்கியவர் வேறு தறிக்குப் போகிறார். பணத்தைக் கட்டும்வரை போகக் கூடாது என்று சொல்லலாமா?

கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். குடோனில் இது காலங்காலமாக நடக்கும் வழக்கம் என்பது கோட்டாட்சியர் முன்னால் எடுபடாது. பெரிய முன்பணம் கொடுப்பதையே நிறுத்துங்கள். மந்தக் காலம் அதற்கு நல்ல சாக்கு.

பிஎஃப்பை இரண்டு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு, வந்ததும் கட்டினால் என்ன?

நிறுவனத்தின் பங்கு தாமதமானால் வட்டியும் அபராதமும் வரும். தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். கையில் குறைவாக இருந்தால் கட்டும் வரிசை இது: தொழிலாளி பங்கு, சம்பளம், பிறகு மற்றவை. தீபாவளி போனஸும் அப்படித்தான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், நஷ்ட ஆண்டிலும் 8.33 சதவீதம் குறைந்தபட்ச போனஸ் உண்டு. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு முதல் சில ஆண்டுகள் மட்டும் விலக்கு.

மெஷின் ஓடாத மாதத்திலும் மின் கட்டணம் வருகிறதே?

நிலைக் கட்டணம் அனுமதிக்கப்பட்ட மின் பளுவுக்கு ஏற்றபடி விழும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு கோவை வட்டாரச் சிறு தொழில்களை அதிகம் உறுத்தியது இதுதான். நீண்ட நாளைக்கு வேலை வராது என்று தெரிந்தால் பளுவைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். திரும்ப ஏற்றும்போது கட்டணமும் அலைச்சலும் உண்டு என்பதால், இரண்டு மூன்று மாத மந்தத்துக்கு இது வேண்டாம்.

பத்து மெஷினை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா?

முதலில் மெஷின் யாருடையது என்று பாருங்கள். வங்கிக் கடனில் வாங்கியது என்றால், வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் விற்பது குற்றமாகும். அடுத்து விலை. திருப்பூரில் எல்லோரும் விற்கும் மாதத்தில் நீங்களும் விற்றால், ஓவர்லாக் மெஷின் இரும்பு விலையை நெருங்கித்தான் போகும். வங்கிக் கடன் இல்லாத மெஷினை, வேலை இருக்கும் இன்னொரு கம்பெனிக்கு மாத வாடகைக்குக் கொடுப்பது பல நேரம் லாபம். விற்கத்தான் வேண்டுமென்றால், எந்த மெஷின் ஓடினால் பீஸுக்கு எதுவும் மிஞ்சவில்லையோ அதை முதலில். மேலே 19 ரூபாய்க்குப் போட்ட கணக்கே இதற்கும்.

தோட்டத்தின் பேரில் கடன் வாங்கிக் கம்பெனியைக் காப்பாற்றலாமா? விவசாய நிலத்தை வங்கி தொட முடியாதாமே?

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்கும் அதிகாரம் விவசாய நிலத்தின் மீது செல்லாது. ஆனால் வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி வங்கிக்குத் திறந்தேதான் இருக்கும். மனைப்பிரிவாக மாற்றிய தோட்டத்துக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. அம்மாவோ அண்ணனோ ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவர்களும் உங்கள் அளவுக்கே கடன்காரர்கள்; இதைக் கையெழுத்துக்கு முன் அவர்களிடம் சொல்லுங்கள். என் கருத்தைக் கேட்டால், போகிற கம்பெனிக்காக இருக்கிற தோட்டத்தை வைக்க வேண்டாம். எட்டுச் சனிக்கிழமைத் தாளில் மூன்று முறை எழுதியும் மீதி தேறாத கம்பெனிக்குத் தோட்டம் நான்கைந்து மாதம்தான் தாங்கும்.

வீடோ கட்டடமோ அடமானத்தில் இருந்து வங்கி நோட்டீஸ் வந்துவிட்டால்: 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம், கோவையிலேயே இருக்கிறது. குறைத்துக் கட்டி ஒரேயடியாக முடிக்கும் ஒரே தவணைத் தீர்வு கேட்கலாம், ஆனால் அது உரிமை இல்லை, வங்கி மறுக்கலாம். ஒப்புக்கொண்டாலும் சிபிலில் 'தீர்க்கப்பட்டது' என்று பதியும். 'முழுவதும் அடைக்கப்பட்டது' என்பதற்கு அது சமமாகாது. அடுத்த கடனுக்கு அது தெரியும்.

மூடுவதென்றே முடிவு செய்துவிட்டேன். ஷட்டரை இறக்கிப் பூட்டினால் போதாதா?

போதாது. பூட்டிய கம்பெனிக்கும் தாமதக் கட்டணமும் நிலைக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மிச்சம் இருக்கும் சரக்குக்கும் மெஷினுக்கும் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும். பிஎஃப், இஎஸ்ஐ அலுவலகங்களுக்கு மூடிய தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். மின் இணைப்பை ஒப்படைத்தால் வைப்புத் தொகை திரும்ப வரும். கட்டட முன்பணத்தைப் பேசும் முன் சுவரில் மாட்டிய பேனல் போர்டும் வயரும் யாருடையது என்று வீட்டுக்காரரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த சண்டைகளில் அதிகம் அதில்தான்.

உத்யம் பதிவை மட்டும் அவசரமாக ரத்து செய்ய வேண்டாம், வெளியே பாக்கி நிற்கும்வரை அது இருக்கட்டும். அடுத்த ஆர்டர் இனித் தேவையில்லை என்பதால் மன்றத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதும் இல்லை. ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை, அந்தந்த ஆண்டின் ஆண்டுக் கணக்குக் கெடுவிலிருந்து ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நகல் கேட்காதீர்கள்.